கொட்டாய் ஸ்டாப்

எங்கள் பஸ்ஸுக்கு ஒரு நம்பர் இருக்கிறது. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காலை எட்டு மணிக்கு எங்கள் ஊரிலிருந்து செஞ்சிக்குக் கிளம்புகிற டவுன் பஸ் என்பதால் அது எட்டு மணி வண்டி. சாயங்காலம் ஆறு மணிக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதும் அது எட்டு மணி வண்டிதான். எட்டே முக்காலுக்கு வந்து சேர்ந்த நாட்களிலும் அந்தப் பெயரை அதனிடமிருந்து யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை.

போன மாதம் அம்மாவைப் பார்க்க அதில்தான் போனேன். வேலையும் குடித்தனமும் வல்லத்தில் என்று ஆனபிறகு ஊருக்குப் போவது மாதம் ஒருமுறை என்று சுருங்கிவிட்டது. பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று ஆனதிலிருந்து வண்டியில் பெண்கள் குரல்தான் உரக்கக் கேட்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. இளவயதுக் கண்டக்டர் வந்து எங்கே இறங்கணும் என்றார். கடைசி ஸ்டாப்பின் பெயரைச் சொன்னேன்.

"கொட்டாயா? நானும் ஆறு மாசமா கூவினு இருக்கறேன்க்கா. அங்க ஒரு கொட்டாயும் கண்ல பட்டதில்ல."

"அது எங்க மாட்டுக் கொட்டாய்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். எனக்கு அவரை நிறுத்தி வைத்து முழுக்கதையையும் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் சிங்கவரம் வந்துவிட்டது, கூட்டம் ஏறியது.

அந்த வண்டி ஒரேயடியாக எங்கள் வாசலுக்கு வந்துவிடவில்லை. முதலில் சிங்கவரத்தோடு திரும்பிவிடும். பிறகு அதைத் தாண்டி, எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற கூட்ரோடு வரை வந்தது. நான் ஐந்தாவது படிக்கும்போது ஏரிக்கரைமேல் தார் போட்டார்கள். வண்டி ஊருக்குள் நுழைந்து பால் சொசைட்டி முன்னால் திரும்ப ஆரம்பித்தது. அதோடு சரி. பால் சொசைட்டிக்கு அப்பால் ஓர் ஓடை, ஓடைமேல் ஒற்றை மாட்டுவண்டி போகிற அகலத்தில் ஒரு பாலம், அதைத் தாண்டி அரை மைலில் காலனி. நாங்கள் காலனி. பஸ் ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை என்று கேட்டால், "பாலம் ஒடுக்கம், திருப்ப எடமும் இல்ல" என்பார்கள். கோயிலுக்கு ஒரு காரணம், தண்ணீர்க் குழாய்க்கு ஒரு காரணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் வைத்திருந்த ஊர். பஸ்ஸுக்கு இந்தக் காரணம்.

அமாவாசை அன்று வண்டி யாருக்கும் கிடையாது. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷலாகப் போய்விடும். சாமி கும்பிடுகிறவர், கும்பிடாதவர் எல்லாரும் எங்கள் ஊரில் அமாவாசையை மறக்காமல் வைத்திருந்தது இதனால்தான். அம்மா ஒருநாளும் விரதம் இருந்ததில்லை. ஆனால் முதல்நாளே, "நாளைக்கு அம்மாவாச, கூட்ரோட்டுக்கு நடந்துதான் போவணும்" என்று சொல்லிவிடுவாள்.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. வண்டி திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை சீட்டில் போட்டுவிட்டால் அந்த இடம் அவருடையது. அப்புறம் அவர் சாவகாசமாக டீ குடித்துவிட்டு வரலாம். கலெக்டரே வந்தாலும் அந்தத் துண்டைத் தொடமாட்டார் என்று எங்கள் பள்ளி வாத்தியார் சொல்வார். ஆனால் எங்கள் ஊரில் இந்தச் சட்டம் எல்லாத் துண்டுக்கும் செல்லாது. காலனி ஆட்கள் அரை மைல் நடந்துபோய்ப் போட்ட துண்டு, ஏறிப் பார்க்கும்போது கீழே கிடக்கும். யார் எடுத்துப் போட்டது என்று தெரியாது, கேட்கவும் மாட்டோம். உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே செஞ்சி வரை வருவோம்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா தோளிலும் எப்போதும் ஒரு துண்டு உண்டு. அவருக்கு ஊரில் ஒரு நிலத்துக்காரரிடம் வேலை. ஏர், தண்ணீர் பாய்ச்சுவது, மாடு எல்லாம் நைனா பொறுப்பு. ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது அந்தத் துண்டு தோளிலிருந்து இறங்கி அக்குளுக்குள் போய்விடும். பாலம் தாண்டித் திரும்பி வந்ததும் மறுபடி தோளுக்கு ஏறும். பிறந்ததிலிருந்து பார்த்து வந்ததால், துண்டு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு வேலை செஞ்சியில், கமிட்டியில். விவசாயிகள் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கொண்டுவந்து ஏலத்துக்கு வைக்கிற இடத்தை நாங்கள் கமிட்டி என்றுதான் சொல்வோம். மல்லாட்டையைச் சலித்து, கல்லும் மண்ணும் பொறுக்கிப் போடுகிற வேலை. முதலில் போய் நிற்கிற பெண்களுக்குத்தான் அன்றைக்கு வேலை. அவள் எட்டு மணி வண்டியில் கமிட்டிக்கு, நான் அதே வண்டியில் பள்ளிக்கூடத்துக்கு. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள்.

அந்த வருஷம் ஆவணியில் அம்மா வரப்பில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் வீங்கி, வீக்கம் வடிந்த பிறகும் மடங்க மறுத்துவிட்டது. விறைத்த காலை இழுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் சில நாள் வண்டி போய்விடும். பிடித்தாலும் நின்றுகொண்டுதான் போக வேண்டும். வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகாமல் போனது. ஒருநாள் சாப்பிடும்போது நைனா சொன்னார்.

"கால் முடியலன்னா நீ வூட்ல இரு. பெரியவள கமிட்டிக்கு அனுப்பு. ரெண்டு ஆள் வேல செஞ்சாதான் இங்க அடுப்பு எரியும்."

பெரியவள் நான். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு பயமாக இருந்தது. அம்மா எழுந்துபோய்க் கை கழுவினாள்.

கார்த்திகை மழையில் ஏரி உடைந்து, ஏரிக்கரை ரோடு பெரிய தெரு அகலத்துக்கு அடித்துக்கொண்டு போய்விட்டது. ஊருக்கு பஸ் நின்றது. எல்லாரும் கூட்ரோட்டுக்கு நடந்தார்கள். அம்மாவால் அவ்வளவு தூரம் முடியாது. ஆக, நான் கமிட்டிக்குப் போனேன். ஒன்பது நாள். மல்லாட்டைத் தூசி மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே இருப்பேன். சல்லடை பிடித்துப் பிடித்து விரல் இடுக்கெல்லாம் எரியும். வேலையை இழிவாகச் சொல்லவில்லை, என் அம்மா செய்த வேலை. ஆனால் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் என் வகுப்புப் பெண்கள் யூனிபார்மில் நிற்கும்போது நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அரையாண்டுப் பரீட்சை அந்த ஒன்பது நாளில்தான் நடந்தது.

பத்தாம் நாள் காலையில், யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. கூட்ரோட்டிலிருந்து வயல்வெளி வழியாகக் காலனிக்கு மட்டும் வருகிற ஒரு கல் ரோடு உண்டு. சுற்று வழி, பழைய வழி. ஏரிக்கரை ரோடு சரியாகும்வரை அதில் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்களாம். அதில் எட்டு மணி வண்டி ஆடி ஆடி வந்து, எங்கள் வீட்டு முன்னால் நின்றது. அதற்குமேல் பாதை இல்லை, ஒடுக்கமான பாலம்தான். தெருவே வந்து சுற்றி நின்றது. டிரைவர் இறங்கி நாலு பக்கமும் பார்த்தார். தடித்த ஆள், தோள்பட்டையை அடிக்கடி தடவிக்கொள்வார்.

"எங்கம்மா திருப்பறது? இந்தக் கொட்டாய் மட்டும் இல்லன்னா ஒரே கட்ல திருப்பிடலாம். கூட்ரோடு வரைக்கும் ரிவர்ஸ்லயே போவ என்னால ஆவாது. நாளைக்கு வரமாட்டேன்."

அவர் கை நீட்டியது எங்கள் மாட்டுக் கொட்டகையை. பின்பக்கமாகவே வண்டியை எடுத்துக்கொண்டு, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் திட்டிக்கொண்டே போனார்.

வண்டி கண்ணுக்கு மறைவதற்குள் அம்மா கடப்பாரையோடு வந்துவிட்டாள். மாட்டை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டச் சொன்னாள். முதல் கம்பத்தை அவளே ஆட்டினாள். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்த தெரு, பிறகு கூடச் சேர்ந்துகொண்டது. ஓலை பிரித்தோம், கம்பம் பிடுங்கினோம், குழியை மூடி மண்வெட்டிப் பிடியால் குத்திக் கெட்டியாக்கினோம். சாயங்காலம் நைனா வேலையிலிருந்து வந்து, வெட்டவெளியாகக் கிடந்த இடத்தைப் பார்த்து நின்றார்.

"இன்னாடி இது? மாட்ட எங்க கட்றது?"

"மாட்ட மரத்துல கட்லாம். பஸ்ஸ எங்க கட்றது?" என்றாள் அம்மா.

மறுநாள் நாங்கள் கூட்ரோட்டுக்கு ஆள் அனுப்பி டிரைவரை அழைத்து வந்தோம். வண்டியின் மூக்கு கொட்டகை இருந்த இடத்துக்குள் போகிற மாதிரி அவர் ஸ்டீரிங்கை ஒடித்தார், வண்டி ஒரு சுற்று சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. தெருவே கை தட்டியது. அம்மா டிரைவருக்குப் பின்னால் இருக்கிற முதல் சீட்டில் போய் உட்கார்ந்தாள். அந்த ஒரு சீட்டுக்கு முன்னால்தான் காலை நீட்ட இடம் உண்டு. மடங்காத காலை நேராக நீட்டிக்கொண்டு, தெருவில் நின்ற யாரையும் பார்க்காமல் நேரே பார்த்தாள். நான் மறுபடி பள்ளிக்கூடம் போனேன்.

இப்போது நிலைமை தலைகீழ். வண்டி கிளம்புகிற இடம் காலனி. ஊர் ஆட்கள் பாலம் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்து ஏற வேண்டும், இல்லையென்றால் வயல் வழியாகக் கூட்ரோட்டுக்கு நடக்க வேண்டும். ஒரு வாரம் எல்லாரும் கூட்ரோட்டுக்கே நடந்தார்கள். நின்றுகொண்டு போனார்கள். அப்புறம் கால் வலித்த கொஞ்சம் பேர் பாலம் தாண்டி வர ஆரம்பித்தார்கள். என் ஒன்பது வயதுத் தம்பி வாசலில் உட்கார்ந்து, இன்றைக்கு யார் யார் முதல் தடவை வந்தார்கள் என்று அறிவித்துக்கொண்டிருந்தான். அவன் வாயை மூடவே எங்களுக்குப் பெரும்பாடு.

நைனாவின் நிலத்துக்காரர் வரவில்லை. அறுவடை சமயம், தினமும் கமிட்டிக்குப் போய் விலை பார்க்கிறவர். அவரும் கூட்ரோட்டில்தான் ஏறினார், நின்றார். நாலாம் நாள் நைனாவிடம் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டார். பச்சைக் கரை போட்ட, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டு. வண்டி காலனியில் திரும்பியதும் அதை முதல் சீட்டில் போட்டு வைக்க வேண்டும். கூட்ரோட்டில் ஏறி அவர் உட்கார்ந்துகொள்வார். ஆள் வராத தெருவுக்குத் துண்டு வந்தது.

நைனா போட்டார். அம்மா பார்த்தாள், பின்சீட்டுக்குப் போனாள். அங்கே கால் மடங்காது. நடைபாதையில் நீட்டிக்கொண்டாள், ஏறுகிறவர்கள் தாண்டித் தாண்டிப் போனார்கள். அப்படிப் பத்து நாள். பதினோராம் நாள் யாரோ இறக்கிவைத்த நெல் மூட்டை அந்த முழங்கால்மேல் சரிந்தது. இரண்டு நாள் வீட்டில் கிடந்தாள். மறுபடி வீக்கம். இரண்டாம் நாள் ராத்திரி சாப்பாட்டில் நைனா என்னைப் பார்த்தார். என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை அம்மா வண்டியில் ஏறினாள். முதல் சீட்டில் பச்சைக்கரைத் துண்டு கிடந்தது. அதை எடுத்தாள். நாலாக மடித்தாள். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து காலை நீட்டினாள். நைனா கீழே நின்று, "ஏய், எய்ந்துரு, எய்ந்துரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

கூட்ரோட்டில் நிலத்துக்காரர் ஏறினார். சீட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா துண்டை நீட்டினாள்.

"உங்க துண்டு பத்ரமா இருக்குதுங்கய்யா. எனக்குக் கால் மடங்காது."

அவர் கையை நீட்டவில்லை. கண்டக்டர்தான் வாங்கி அவரிடம் கொடுத்தார். அவர் கம்பியைப் பிடித்தபடி செஞ்சி வரை நின்றுகொண்டே வந்தார். வழக்கமாகச் சந்தைபோல் இருக்கிற வண்டியில் அன்றைக்கு என்ஜின் சத்தம் மட்டும்தான். அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் பயந்து செத்தேன். பெருமை எல்லாம் பல வருஷம் கழித்து வந்தது.

அன்று சாயங்காலமே நைனாவை இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நைனா வீட்டுக்கு வந்து துண்டை ஆணியில் மாட்டினார்.

"ஒரு துண்ட மடிக்காம வுட்ருந்தா இன்னா கொறஞ்சிருக்கும்?"

"என் காலு" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நைனா கிடைத்த கூலிக்குப் போனார், பாதி நாள் கிடைக்கவில்லை. இப்போது வீட்டில் நிச்சயமாக இருந்தது அம்மாவின் கமிட்டி வேலை ஒன்றுதான். அது அந்த முதல் சீட்டை நம்பி இருந்தது, என் படிப்பு அதை நம்பி இருந்தது.

தை பாதியில் ஏரிக்கரை ரோட்டைச் சரிசெய்துவிட்டார்கள். மண் லாரிகள் வந்துபோவதற்காக ஓடைப் பாலத்தையும் குழாய் பதித்து அகலப்படுத்தியிருந்தார்கள். அதனால் வண்டி பழையபடி ஏரிக்கரைமேல் ஊருக்குள் வந்து, பாலம் தாண்டிக் காலனியில் வந்து திரும்பியது. எங்களுக்கும் வசதி, ஊருக்கும் வசதி என்று நினைத்தோம். ஊரில் மனு எழுதினார்கள். வண்டி முன்போல பால் சொசைட்டியிலேயே திரும்ப வேண்டும், காலனியில் நிரம்பி வருவதால் ஊரில் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடமில்லை. முதல் கையெழுத்து நிலத்துக்காரருடையது.

டிப்போவிலிருந்து ஓர் அதிகாரி பார்க்க வந்தார். காலை வண்டியிலேயே வந்து எங்கள் வீட்டு முன்னால் இறங்கினார். ஊர் ஆட்களும் வந்திருந்தார்கள். அவர்கள் ஆள் கணக்குச் சொன்னார்கள், எங்கள் தெரு ஆட்கள் கர்ப்பிணி, குழந்தை, கால் ஊனம் என்று சொன்னார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேச்சும் காதில் விழாது. நான் யூனிபார்மில் நின்றுகொண்டிருந்தேன். என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று முதல்நாள் ராத்திரி வாக்கியம் எல்லாம் தயார் செய்திருந்தேன். முதல் வாக்கியமே மறந்துவிட்டது. அதிகாரி கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்திவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுய்யா. தெனம் ஓட்றவன் நீதான்."

டிரைவர் தோளைத் தடவிக்கொண்டார்.

"சார், சொசைட்டிகிட்ட மூணு தபா ரிவர்ஸ் எடுக்கணும். பால் கேனு, மாடு, சைக்கிளு. தெனம் ஸ்டேரிங் புடிச்சி புடிச்சி இந்தத் தோளே போச்சி சார். இங்க பாருங்க."

ஏறி உட்கார்ந்தார். கொட்டகை இருந்த இடத்தில் வண்டியை ஒரே கட்டில் திருப்பிக் காட்டினார். அதிகாரி தாளில் ஏதோ எழுதினார். "கடைசி ஸ்டாப் இதுதான்" என்றார். "இந்த எடத்துக்கு இன்னா பேரு?"

"கொட்டாய் சார்" என்றார் டிரைவர்.

அவ்வளவுதான். எங்கள் தெருவுக்கும் பஸ் வருவது நியாயம் என்று யாரும் சொல்லவில்லை. என் படிப்பைப் பற்றி யாருக்கும் தெரியாது. ஒரு மனிதருக்குத் தோள் வலித்தது. அதை நினைத்து ரொம்ப நாள் எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. இப்போது, அந்தத் தோள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது.

மறுநாள் காலை நான் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது நைனா வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கூலிக்குப் போகிற நேரம் தாண்டியிருந்தது, போகவில்லை. எட்டு மணி வண்டி பாலம் ஏறி வந்து திரும்பியது. அது முழுக்க நிற்பதற்குள் நைனா ஓடிப்போய், தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, முன் ஜன்னல் வழியாக முதல் சீட்டில் போட்டார். அழுக்கேறிய, ஓரம் நைந்த துண்டு. அவர் அந்த பஸ்ஸில் ஏறியதே வருஷத்துக்கு இரண்டு தடவை இருந்தால் அதிகம். தனக்கென்று இடம் பிடித்து நான் பார்த்ததில்லை.

அம்மா காலை இழுத்துக்கொண்டு வந்து ஏறினாள். சீட்டில் துண்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"யாரு துண்டு இது?" என்றார் கண்டக்டர்.

"என்துதான்" என்றார் நைனா, கீழே நின்று, ஓடைக்கு அப்பால் கேட்கிற குரலில். பிறகு அம்மாவைப் பார்த்து, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தையாக, "ஒக்காரு" என்றார்.

அம்மா அந்தத் துண்டை எடுத்து மடிக்கவில்லை. அதன்மேலேயே உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். நான் புத்தகப் பையோடு ஏறி அவளுக்குப் பின்னால் நின்றேன்.